கண்ணாடியில் ஒட்டிய ஐந்து நட்சத்திரம்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

கார் விமர்சனம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். மைலேஜ், பிக்கப், டிக்கியில் எத்தனை பெட்டி போகும் என்பதையெல்லாம் அலசித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் அந்த வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், காரை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் ஸ்டிக்கரை யாரும் விமர்சித்து நான் படிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு முதல் கார் வாங்கியபோது நான் அதிகம் பயன்படுத்தியது அதைத்தான். காசு கொடுத்து வாங்குவதில்லை என்றாலும் அதுவும் ஒரு சேவைதானே, நல்லது கெட்டது பார்த்துச் சொல்லலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டாக்குமென்டேஷன் வேலை. ராஜாஜி சாலைக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பேன். உயரம் ஐந்தடிதான், இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். தம்பி வியாசர்பாடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எந்த வண்டியின் எலும்பு எப்படி என்று அவனுக்கு அத்துப்படி.

முதலில் இந்த ஸ்டிக்கர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 22 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி பாரத் என்கேப் திட்டத்தை அறிமுகம் செய்தார். அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் இரண்டரைக் கோடி ரூபாய் ஆகும் சோதனையை இங்கே 60 லட்சத்தில் முடிக்கலாம் என்று அப்போது சொன்னார். கம்பெனி விரும்பி விண்ணப்பித்தால்தான் சோதனை; கட்டாயம் கிடையாது. சோதனை முடிந்த மாடலுக்கு க்யூஆர் கோடு போட்ட ஸ்டிக்கர் கிடைக்கும். போனில் ஸ்கேன் செய்தால் ரிசல்ட் தாள் வரும்.

அந்தத் தாள்தான் அசல் சரக்கு. பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திரம், குழந்தைகளுக்கு ஒரு நட்சத்திரம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், அதில் 27 எடுத்தால் ஐந்து நட்சத்திரம். குழந்தைகளுக்கு 49, அதில் 41 வேண்டும். 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகப்பில் 40 சதவீதம் மட்டும் படும்படி அலுமினியத் தேனடைத் தடுப்பில் மோத விடுவார்கள். சக்கரம் வைத்த தடுப்பு ஒன்று 50 கிலோமீட்டரில் வந்து பக்கவாட்டில் இடிக்கும். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வேண்டுமென்றால், 29 கிலோமீட்டரில் கார் பக்கவாட்டாகச் சறுக்கிப் போய்க் கம்பத்தில் மோதும் சோதனையையும் தாண்ட வேண்டும். வண்டி தடம் புரளாமல் பிடிக்கும் ஈஎஸ்சி இருக்க வேண்டும்.

சட்டப்படி எல்லாக் காரும் மோதல் சோதனை தாண்டித்தானே விற்பனைக்கு வருகிறது, பிறகு இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். நல்ல கேள்விதான். 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபர் முதல் எல்லா மாடல்களுக்கும் முகப்பு மோதல் சோதனை கட்டாயம். ஆனால் அது 56 கிலோமீட்டரில். 56-க்கும் 64-க்கும் எட்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம் என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக் கணக்கில் ஏறுவதால் சுமார் 30 சதவீதம் கூடிவிடுகிறது. அதோடு சட்டச் சோதனையில் பாஸ், ஃபெயில் மட்டும்தான். எந்த வண்டி 35 எடுத்துப் பாஸ், எது 95 எடுத்துப் பாஸ் என்பது நமக்குத் தெரியாது.

சரி, ஷோரூமுக்குப் போவோம். அண்ணாநகர் பக்கம் ஒன்று, பெயர் வேண்டாம். விற்பனைப் பையன் ஸ்டிக்கரைக் காட்டி, "ஃபைவ் ஸ்டார் மேடம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான். குழந்தைக்கு எவ்வளவு என்று கேட்டேன். அதுவும் ஃபைவ் ஸ்டார்தான் என்றான். மதிப்பெண் எவ்வளவு என்றதும் மேனேஜரைக் கூப்பிடப் போய்விட்டான். மேனேஜர் வந்து கதவுத் தகட்டை விரலால் தட்டி, "சவுண்டைக் கேளுங்க மேடம், என்ன கேஜ் பாருங்க" என்று தகட்டின் தடிமனைப் புகழ்ந்தார்.

என் தம்பி அன்றைக்குச் சாயங்காலம் சொன்னது: "கதவைத் தட்டிக் காட்டுறவன் பேச்சைக் கேக்காதக்கா. வெளித்தகடு மானத்தை மறைக்கிற துணி. ஆளைக் காப்பாத்துறது உள்ளே இருக்கிற கூடு."

பட்டறையில் நின்ற இரண்டு வண்டிகளைக் காட்டினான். ஒன்றில் முகப்பு முழுக்க மடங்கி ரேடியேட்டர் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் முன்கதவு ஒரு கையில் இழுத்ததும் திறந்தது. மற்றொன்று பார்வைக்குச் சின்ன அடி. ஆனால் கண்ணாடியை ஒட்டிய பில்லர் வளைந்து, டேஷ்போர்டு சீட்டுப் பக்கம் நகர்ந்திருந்தது. கூரையில் நடுப் பில்லருக்கு மேலே லேசாக ஒரு மடிப்பு. "இந்த மடிப்பைப் பாரு. கூடு நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். பம்பர் மாத்தி பெயின்ட் அடிச்சா ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும், ஆனா இது செத்த வண்டி" என்றான். மூக்கு நசுங்க வேண்டும், கூடு நசுங்கக் கூடாது. மோதல் சோதனை என்ற அறிவியல் முழுக்க இதுதான் என்று அவன் நினைப்பு. பெரும்பகுதி சரியும்கூட.

இதற்கு நம் ஊர்ச் சாட்சியே இருக்கிறது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட குளோபல் என்கேப் அமைப்பு 2014 தொடக்கத்தில் ஐந்து இந்தியக் கார்களை 64 கிலோமீட்டரில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பூஜ்யம். இதில் ஐ10 இருங்காட்டுக்கோட்டையில் செய்தது, ஃபிகோ மறைமலை நகரில் செய்தது. இரண்டும் நம்மூர்ப் பிள்ளைகள், இரண்டும் பூஜ்யம். ஆனால் உள்ளே ஒரு வித்தியாசம் இருந்தது. ஃபிகோ, போலோ இரண்டின் கூடும் நிலையாக நின்றது, ஏர்பேக் வைத்தால் பலன் உண்டு என்று அறிக்கை சொன்னது. மற்ற மூன்றின் கூடு குலைந்துபோனதால் ஏர்பேக் வைத்தும் பிரயோஜனமில்லை என்றது. அதன்பின் போலோவில் இரண்டு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கி மறுபடி மோதிப் பார்த்தார்கள், நான்கு நட்சத்திரம். அதே ஆண்டு நவம்பரில் ஒரகடத்தில் செய்த டட்சன் கோ பூஜ்யம் வாங்கியபோது, குளோபல் என்கேப் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி அதை விற்பனையிலிருந்தே எடுங்கள் என்று நிசான் தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

அங்கிருந்து 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கும் வரை ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. இந்தியாவில் செய்த காருக்கு அதுவே முதல் ஐந்து. அதுவரை நம் ஆட்கள் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? இந்தியர்கள் விலையும் மைலேஜும்தான் பார்ப்பார்கள், பாதுகாப்புக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்றார்கள். ஐரோப்பாவிலும் இதே பாட்டுதான். 1997-ல் யூரோ என்கேப் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, இந்த அளவுகோலில் நான்கு நட்சத்திரம் எந்தக் காராலும் வாங்க முடியாது என்று கம்பெனிகள் சத்தம் போட்டன. சில மாதத்தில் வால்வோ எஸ்40 நான்கு வாங்கியது. ஒற்றை நட்சத்திரம் வாங்கிய ரோவர் 100 சந்தையை விட்டே போனது. அமெரிக்காவில் இந்த வேலை 1978-லேயே தொடங்கிவிட்டது. எல்லா இடத்திலும் ரிசல்ட்டை ஊருக்குச் சொன்ன பிறகுதான் கம்பெனி ஓடுகிறது. அந்த வகையில் இந்த ஸ்டிக்கருக்கு என் முழு ஓட்டு.

இனி நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று பாருங்கள். எங்கள் பட்ஜெட்டில் மூன்று வண்டிகள்: டாடா நெக்ஸான், மாருதி டிசையர், சிட்ரோயன் பசால்ட். பெரியவர்கள் கணக்கில் நெக்ஸான் 29.41, டிசையர் 29.46. கிட்டத்தட்டச் சமம், டிசையர் ஒரு முடி கூட. குழந்தைக் கணக்கில் நெக்ஸான் 43.83, டிசையர் 41.57. இரண்டின் ஸ்டிக்கரும் பார்வைக்கு ஒன்றுதான், இரு பக்கமும் ஐந்து. ஆனால் ஒன்று 41 என்ற கோட்டை அரை மதிப்பெண்ணில் தாண்டியிருக்கிறது, மற்றொன்று தாராளமாகத் தாண்டியிருக்கிறது. என் மகளுக்கு மூன்று வயது. எனக்கு அந்த இரண்டேகால் மதிப்பெண் பெரிசு. அதுவும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்: 49-ல் 24 தான் மோதலில் பொம்மைக் குழந்தைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்துத் தருவது. 12 குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்த முடிகிறதா என்பதற்கு, மீதி 13 வண்டியில் இருக்கும் வசதிகளுக்கு.

பசால்ட் திருவள்ளூரில் செய்த கார். 2024 அக்டோபரில் 26.19, 35.90 எடுத்து இரண்டிலும் நான்கு நட்சத்திரம். ஒரு மதிப்பெண் கூட இல்லாத வித்தியாசத்தில் பெரியவர்கள் ஐந்து தவறியது. அதே தொழிற்சாலையின் ஈ-சி3 மின்சாரக் கார் அந்த வருஷம் மார்ச்சில் குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்குப் பூஜ்யம் வாங்கியிருந்தது. ஒரே வாசலில் வெளியே வரும் இரண்டு வண்டிக்கு இவ்வளவு தூரம். "அந்த பிராண்டு சேஃப்டி சார்" என்று யாராவது பொத்தாம் பொதுவாகச் சொன்னால் இதைச் சொல்லுங்கள். மாடலைப் பார்க்க வேண்டும், மாடலுக்குள் வேரியன்ட்டைப் பார்க்க வேண்டும், சோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும்.

எண்ணூரில் ரோ-ரோ கப்பல் நிற்கும்போது புத்தம்புது கார்கள் வரிசையாக ஓடிச் சரிவுப் பலகையில் ஏறும். பேப்பரில் மாடல் பெயரும் எண்ணிக்கையும்தான் என் கையில் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று சொல்ல முடியாது. எந்த நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதை வைத்து அனுப்புவதுதான் இந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம். 2016-ல் இதை ஊரறியக் காட்டினார்கள்: மெக்சிகோவில் விற்ற நிசானின் மலிவு காரான சுரு, அமெரிக்காவில் விற்ற நிசானின் மலிவு காரான வெர்சா, இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். வெர்சா பொம்மை காலில் லேசான காயத்தோடு பிழைத்திருக்கும், சுருவில் இருந்தது பிழைத்திருக்காது. சுரு உற்பத்தி 2017-ல் நின்றது. ஒரே கம்பெனி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு உயிர், அந்தப் பக்கம் ஒரு உயிர்.

நம் பக்கம் முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரைவர் ஏர்பேக், ஏபிஎஸ், ரிவர்ஸ் சென்சார், 80-ஐத் தாண்டினால் கத்தும் அலாரம் எல்லாம் 2019-ல் கட்டாயமாயின. பக்கத்து சீட் ஏர்பேக் பின்னாலேயே வந்தது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று வரைவு போட்டார்கள், தேதியைத் தள்ளினார்கள், 2023 செப்டம்பரில் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் நட்சத்திரத்துக்கு ஓடும் கம்பெனிகள் தாமாகவே அடிப்படை மாடலில் ஆறு வைக்க ஆரம்பித்துவிட்டன. சட்டம் தயங்கிய வேலையை ஸ்டிக்கர் செய்தது.

இனி குறை. என் முதல் புகார், சோதனைப் பொம்மை. முன்சீட் இரண்டிலும் உட்காருவது சுமார் 78 கிலோ ஆண் அளவுப் பொம்மை. நான் ஐந்தடி. பெடல் எட்ட சீட்டை முன்னே இழுத்தால் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். ரிசல்ட் தாளில் நல்ல பாதுகாப்பு என்று அந்த ஆண் பொம்மைக்குக் கிடைத்த பச்சை நிறம் எனக்கும் பொருந்துமா? யூரோ என்கேப் 2015 முதல் ஒரு மோதலில் டிரைவர் சீட்டில் சின்ன உருவப் பெண் பொம்மையை வைக்கிறது. இங்கேயும் அது வர வேண்டும். ஆபீசுக்கு வண்டி ஓட்டும் பெண்களின் எண்ணிக்கை எண்ணூர் ரோட்டிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாவது புகார் இதைவிடப் பெரிது. பாரத் என்கேப் மோதலில் பின்சீட்டில் இருப்பது ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள். பெரியவர் யாரும் பின்னால் கிடையாது. எங்கள் வீட்டில் பின்சீட்டில் என் அம்மா. அவருக்கு என்ன ஆகும் என்பது 32 மதிப்பெண்ணில் எங்கேயும் இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகளின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2022 கடைசியில் பின்சீட்டில் சின்னப் பெண் பொம்மை வைத்து 15 சிறு எஸ்யூவிகளை மோதியது. இரண்டே இரண்டு வண்டிதான் நல்ல மதிப்பீடு வாங்கின. முன்சீட் பெல்ட்டுகள் மோதிய நொடியில் இறுக்கவும், மார்பு நசுங்காமல் சற்றே தளரவும் பழகிவிட்டன. பின்சீட் பெல்ட் பல வண்டிகளில் பழைய வாராகவே கிடக்கிறது. சோதிக்காத இடத்தில் கம்பெனி செலவு செய்யாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பெல்ட் போடச் சொன்னால் அம்மா, "நான் என்ன ஓடியா போகப் போறேன், கட்டி வைக்கிறியே?" என்கிறார். புடவை கசங்குகிறதாம். பின்சீட்டில் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால், எந்த போலீஸ் பிடிக்கிறான் என்று பதில். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்த டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வேலை செய்தது பின்சீட் பெல்ட் அலாரம். அந்தக் கீச்சுச் சத்தம் தாங்காமல் இப்போது அவரே மாட்டிக்கொள்கிறார்.

மூன்றாவது, நம்ம ஏரியா புகார். 64 கிலோமீட்டர் முகப்புச் சோதனை, தோராயமாக நம் வண்டி எடையே உள்ள இன்னொரு கார் எதிரே வருவதை மனதில் வைத்தது. மணலி ரோட்டிலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் எதிரே வருவது கன்டெய்னர் டிரெய்லர். சரக்கோடு நாற்பது டன் தாண்டும். அதைவிடப் பயம் ராத்திரி விளக்கில்லாமல் ஓரங்கட்டி நிற்பது. டிரெய்லரின் பின்பக்கக் கம்பி உடைந்தோ மேலேறியோ இருந்தால், காரின் பானட் அடியில் போய்விடும். நசுங்க வேண்டிய மூக்கு எதிலும் படாது, நேராகக் கண்ணாடிக்கு வந்து சேரும். அங்கே எத்தனை நட்சத்திரமும் பேச்சில்லை. லாரிக்குப் பின்தடுப்பு வேண்டும் என்று நம்மூரிலும் விதி இருக்கிறது. அந்தத் தடுப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை எம்.எஃப்.எல். சிக்னலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். இந்தக் குறையைப் பாரத் என்கேப் தலையில் கட்ட முடியாது, அது கார் சோதிக்கும் சேவை. ஆனால் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி இந்த ரோட்டில் எண்பதில் பறக்கிறவர்களுக்காக எழுத வேண்டியிருக்கிறது. 2022-ல் நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பைக், ஸ்கூட்டரில் போனவர்கள்தான் 40 சதவீதத்துக்கு மேல். அவர்களுக்கு இந்த ஸ்டிக்கரால் ஒன்றும் இல்லை.

கடைசியில் நெக்ஸான் எடுத்தோம். புக்கிங் போட்டதும் ஷோரூம் ஆக்சசரீஸ் லிஸ்டை நீட்டினார்கள். முதல் ஐட்டம் லெதர் சீட் கவர். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்துதான் வெடித்து வரும். மேலே இறுக்கமாகக் கவரைத் தைத்து மூடினால் அது எங்கே வரும்? இரண்டாவது ஐட்டம் முன்பக்கம் ஒரு ஸ்டீல் கம்பி கார்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொன்ன சமாச்சாரம் அது. ஐந்து நட்சத்திரம் வாங்க கம்பெனி என்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதை, டெலிவரிக்கு முன்பே முப்பதாயிரம் ரூபாயில் பாழாக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்றும் கிளிப்பை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. கடைத்தெருவில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது. லிஸ்டில் இருந்த அந்த இரண்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் ஐசோஃபிக்ஸ், அதாவது கார் சீட்டிலேயே உள்ள கம்பியில் மாட்டும் குழந்தை இருக்கை வாங்கினேன். கொக்கி 'டக்' என்று மாட்டிக்கொள்கிறது. மகள் முதல் வாரம் அழுதாள், இப்போது அது அவள் சிம்மாசனம்.

இன்னொன்று. எங்கள் பக்கம் புதுக் கார் வாங்குகிறவர்களைவிட செகண்ட் ஹாண்ட் வாங்குகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு இந்த ஸ்டிக்கர் உதவாது, 2023-க்கு முந்தைய வண்டி எதுவும் இதில் இல்லை. அவர்கள் குளோபல் என்கேப் பழைய பட்டியலைப் பார்க்கலாம். அதில் கூடு நிலையானதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும், நட்சத்திரத்தைவிட அதை முதலில் படியுங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள். ஆர்சியில் தயாரிப்பு மாதம் இருக்கும். அப்புறம் தம்பி சொல்லும் ஒரு சோதனை: சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் ஏர்பேக் ஏற்கெனவே வெடித்து, திரும்ப வைக்காமல் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.